கூரைக்கு முன்னால் பலகை

அணில் குட்டிகளின் பள்ளிக்கூடக் கூரை காற்றில் பறந்துவிட்டது. மழைக்காலமும் நெருங்கியது. பள்ளிக் குழுத் தலைவரான வெள்ளாடு தலைநகரத்துக்குப் போய், மத்திய அரசு அதிகாரி எருமையிடம் நிதி கேட்டு மனு கொடுத்தது.

"முதலில் திட்டத்தின் பெயர்ப்பலகையை வையுங்கள். அப்புறம்தான் கூரை," என்றது எருமை.

பலகை வந்து இறங்கியது. நல்ல கனமான தகரம், பள்ளிக்கூடத்தைவிட அகலம். கூரைக்கான நிதி மட்டும் வரவில்லை. முதல் மழையில் குட்டிகள் நனைந்து தும்மின. ஆடு மறுபடியும் தலைநகரத்துக்கு ஓடியது.

"நிதி எப்போது வருமோ, ஐயா. அதுவரைக்கும் அந்தப் பலகையையே கூரையாகப் போட்டுக்கொள்கிறோமே?"

அசைபோட்டுக்கொண்டிருந்த எருமையின் வாய் நின்றது.

"படுக்கப் போட்டால் திட்டத்தின் பெயரை யார் படிப்பார்கள்? காக்கையா?"