தடைக்காலப் பங்கு

முதலில் துரோகம் பண்ணியது மச்சான் ஜெயவேல்தான்.

மனைவியின் அண்ணன், விசைப்படகு முதலாளி. அந்தப் படகில் தேசப்பன் கடலுக்குப் போன காலத்தில், மீன்பிடித் தடை வந்து படகு கரையில் கிடந்தாலும், "உனக்குன்னு எடுத்து வெச்ச பங்கு" என்று ஜெயவேல் பணம் கொடுப்பான். மூன்று வருஷம் கொடுத்தான். நாலாவது வருஷம் கையை விரித்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. காசிமேட்டில் ஜெயவேல் எதிரே வந்தால் தேசப்பன் இன்றைக்கும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

இப்போது தேசப்பனுக்கு வயதாகிவிட்டது. தன் ஃபைபர் படகை விற்ற பணம் கையில் இருந்தது.

"நைனா, இந்த ரியல் எஸ்டேட் டிரஸ்ட்ல போடு" என்று செல்போனைக் காட்டினாள் மகள் ரேகா. "மாதவரம் பக்கம் குடோன் கட்டி வாடகைக்கு வுட்டுக்கீறாங்க. வர்ற வாடகைய மூணு மாசத்துக்கு ஒருவாட்டி பங்கு பிரிச்சுத் தருவாங்க. ஜெயவேல் மாமா மொத்தப் பணத்தையும் இதுலதான் போட்டுக்கீது."

மச்சான் பேரைக் கேட்டதும் தேசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடோன்லாம் ரொம்பிக்கீதா?"

"போன வருசம் ஃபுல்லு. இப்ப பாதி காலி."

"பங்கு கொறைஞ்சுதா?"

"இல்ல நைனா. அதே பங்கு, கரெக்டா வருது."

"கடன்?"

ரேகா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "டபுளாயிருக்கு."

தேசப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "வலை காலியா வருது, பங்கு மட்டும் கொறையல! கடன் வாங்கிப் பங்கு குடுக்கிறான். அப்டி குடுக்கிறவன் ஒண்ணு ஃபிராடா இருப்பான், இல்ல கேனையனா இருப்பான். சீக்கிரம் முழுகிடும்."

"ஐயோ! மாமாகிட்ட சொல்லட்டுமா?"

"வாயத் தொறந்த, அவ்ளோதான். என் பங்கை முழுங்கினான்ல? நல்லா முழுகட்டும்."

உள்ளே சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி புஷ்பவல்லி கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள்.

"எங்கண்ணன் ஃபிராடா, கேனையனா?"

"இன்னாடி?"

"தடைக்காலத்துல எந்த மீனை வித்து உனக்குப் பங்கு குடுத்துச்சு? எடுத்து வெச்சதாம்! அந்தப் படகு டீசலுக்கே பத்தாம ஓடிச்சு. அண்ணி நகைய அடகு வெச்சுக் குடுத்துச்சுய்யா. சும்மா குடுத்தா நீ வாங்க மாட்டேன்னு பங்குன்னு சொல்லிச்சு. நாலாவது வருசம் வைக்க ஒண்ணுமில்ல. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

தேசப்பன் மகளிடம் கையை நீட்டினார்.

"அவன் நம்பரைப் போடு."

ரேகா போட்டுக் கொடுத்தாள். புஷ்பவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மச்சான், நான்தான். அந்த டிரஸ்ட்டு கடன்ல ஓடுது. நாளைக்கே வித்துட்டு வெளிய வந்துடு."

மறுமுனையில் ஜெயவேல் உருகிப்போனான். "மாப்ள... என் மேல உனக்கு இத்தினி பாசமா?"

"பாசமாவது! உன் பணம் முழுகிட்டா, அந்த நாலாவது வருசப் பங்கை நான் எவன்கிட்ட போய்க் கேக்கிறது?"