தனுஜாவின் வசனம்

பள்ளி வாசலில் நாகலெட்சுமி நின்ற நிலையைப் பார்த்ததுமே, சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று டெல்சி டீச்சருக்குத் தோன்றியது. தலையில் கொங்காணியாகப் போட்ட சாக்கு, முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை. மழையில் மேடேறி ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எம் புள்ளைக்கு என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

எட்டாம் தரத்துக்கு வரலாற்றையும் தமிழையும் ஒன்றாகச் சேர்த்துப் படிப்பிக்கிறேன் என்று டெல்சி அனுமதி கேட்டபோதே பள்ளி அதிபர் முகம் சுளித்திருந்தார். ஒரு பெற்றார் வந்து குறை சொன்னாலும் பழையபடி புத்தகத்தோடு நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று எச்சரித்தும் இருந்தார்.

உட்காரச் சொன்னாள். நாகலெட்சுமி உட்காரவில்லை. விடியற்காலையில் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் தனுஜா பேசியது காதில் விழுந்ததாம். தூங்குகிற தம்பியிடம் குனிந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"'அம்மாவ அழ விடாதடா. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கா ஒனக்குச் சப்பாத்து வாங்கி அனுப்புறேன்.' இப்புடிச் சொல்றா டீச்சர். என்னடீன்னு கேட்டா, ஒங்க நாடகத்துல வசனமாம். சொல்லிட்டு வெள்ளனவே கெளம்பிட்டா."

போன மாதம் தோட்டத்தின் கீழ்க்கணக்கு லய வீடுகளிலிருந்து ஒரு பிள்ளையைத் தரகன் ஒருவன் வீட்டு வேலைக்கென்று கூட்டிப்போனதிலிருந்து நாகலெட்சுமிக்குச் சரியான தூக்கமில்லை. அந்த ஆளை நேற்றுக்கூடக் கோயிலடியில் கண்டதாகச் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"நாடகம்னு அவ சொன்னது நெசந்தானா டீச்சர்?"

டெல்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிஜந்தான் என்றாள். நம் தோட்டத்துச் சனங்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிய காலத்துப் பாடம் அது. ரயிலடியில் பிரிந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று பிள்ளைகளே யோசித்து, வீட்டில் பேசுகிற தமிழில் வசனம் எழுத வேண்டும். வரலாறும் வரும், மொழியும் வரும் என்று ஆசையாகவே விளக்கினாள்.

"பயப்படாதீங்கக்கா. ஒங்க மக நல்லா நடிக்கிறா."

நாகலெட்சுமி சாக்கு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மற்றப் பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியிருப்பார்கள், பிந்தினால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இறக்கத்தில் விரைந்தாள். மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

வகுப்புக்கு நடக்கையில் டெல்சி அந்த வசனத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி வந்தது இந்தத் தமிழ்? ஒரேயொரு பிழைதான். அன்று போனவர்கள் தலைமன்னாரில்தான் கப்பலேறினார்கள், கொழும்புக்குப் போகவில்லை. மொழிக்கு முழுப் புள்ளி போடலாம், வரலாற்றுக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதிபரையும் வந்து இந்த வசனத்தைக் கேட்கச் சொல்ல வேண்டும்.

மணி அடித்தது. மேசைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பிள்ளைகள், முந்தின நாள் தாங்களே பிரித்துக்கொண்டபடி இரண்டு பக்கமாக நின்றார்கள். ரயிலேறிப் போகிறவர்கள் ஜன்னல் ஓரம். போகாமல் இங்கேயே இருக்கிறவர்கள் கரும்பலகை ஓரம். இருக்கிறவர்களுக்கு வசனம் எதுவும் கிடையாது, கையசைத்தால் போதும்.

டெல்சி ஜன்னல் ஓரத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வெள்ளனவே கிளம்பிய பிள்ளை அங்கே இல்லை.

தனுஜா எங்கே, அவள் வசனத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றாள்.

தனுஜாவோடு ஒரே மேசையில் இருக்கிற நிஷாந்தி, கரும்பலகை ஓரத்திலிருந்து தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"டீச்சர், தனுஜா போறவ இல்லீங்க. இங்கயே இருக்கிறவ."