ஸ்டாண்டர்டு பீஸ்

“இதுவும் ஃபெயில்” என்று இன்னொரு கேபிளுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார் கறார் சார். டெஸ்டிங் அறையில் அவருக்கு அதுதான் பெயர். எதிரே நின்ற மச்சினியின் முகம் சுண்டிப்போனது.

கேபிள்களின் முனையில் கனெக்டரைச் சால்டர் செய்தவள் அவள். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர். இந்தக் கட்டும் தேறாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

“மாமா, நான் பாத்துப் பாத்துதான் செஞ்சேன். உங்க மெஷினை ஒரு தடவை சரிபாருங்களேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எல்லாம் கிடையாது. ஜன்னல் திரைக்கு அவர் எடுத்த அளவு பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் பொருந்தியது. காலி டப்பாவைக் கண்டால் கையிலிருப்பதை அதில் போட்டு மூடிவிட்டு, மூக்குக்கண்ணாடி எங்கே என்று வீட்டையே இரண்டுபடுத்துவார். தான் ஒரு மக்கு என்று மனைவியிடம் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கேபிளைச் சோதிக்கும் இந்த நெட்வொர்க் அனலைசர் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் ராஜா.

“இங்க பாரும்மா. மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. தினமும் காலையில இந்த ஸ்டாண்டர்டு பீஸை மாட்டி, இதுதான் சரியானதுன்னு நான் சொல்லிக்குடுப்பேன். அப்புறம் எதை மாட்டினாலும் இதை வச்சுத்தான் அது நல்லது கெட்டது சொல்லும்.”

“அந்த பீஸே கெட்டுப்போயிருந்தா?”

சிரித்தார். மரப்பெட்டியைத் திறந்து அந்தச் சின்ன உலோகத் துண்டை எடுத்தார். அதில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புக் காகிதத் துணுக்கை நகத்தால் சுரண்டிவிட்டு மெஷினில் மாட்டினார். அவள் கேபிள்களுக்கெல்லாம் மேலே துள்ளிய கோடு, இப்போது திரையின் அடியில் சாதுவாகப் படுத்துக்கொண்டது.

“பாத்தியா? வீட்ல என்னை என்ன வேணா சொல்லிக்குங்க. இங்க மட்டும் நான் தப்பு பண்ண மாட்டேன். சொந்தக்காரப் பொண்ணுன்னு பாஸ் போட்டா, நாளைக்கு யார் என்னை மதிப்பா?”

அவருக்கும் மனசு கேட்கவில்லைதான். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர்காரர் ஒரு பார்சலோடு உள்ளே வந்தார்.

“சார், சரிபாக்கச் சொல்லி போன வாரம் வெளி லேபுக்கு அனுப்பினீங்களே, உங்க ஸ்டாண்டர்டு பீஸ், அது திரும்பி வந்திருச்சு. அடுத்த தடவை காகிதத்துல சுத்தி அனுப்பாம, அந்த மரப்பெட்டியிலயே வச்சு அனுப்பச் சொன்னாங்க.”

அப்படியானால் மரப்பெட்டியில் இருந்தது, அவரே ஃபெயில் போட்டுவிட்டு, பெட்டி காலியாக இருக்கிறதே என்று உள்ளே போட்டு மூடிய ஏதோ ஒரு பீஸ். மச்சினி அவர் நகத்தில் ஒட்டியிருந்த சிவப்புத் துணுக்கையே பார்த்தாள்.

கறார் சார் ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்துத் தன் சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டார்.

“ஏப்ரனைக் கட்டிக்கம்மா. ஃபெயிலானது நான்தான்.”