கடைசி இடத்தின் முறை

"'கை வேகம் போதாது. கவனம் சிதறுகிறது.' இது நீங்க எழுதினதுதானே?"

மேலாளர் அந்தத் தாளைத் திருப்பி மேசையின் மேல் தள்ளினார். தள்ளிய விதத்திலேயே மேற்பார்வையாளனுக்கு நெஞ்சு கொதித்தது.

கையெழுத்து அவனுடையதுதான். சொல்லும் அவனுடையதுதான். உண்மை என்பது மட்டும் அதில் மருந்துக்கும் இல்லை.

மடிப்பக்காவைப் பற்றிய அரையாண்டு மதிப்பீடு அது. மருத்துவமனை விரிப்புகள் மலைபோல் வந்து குவியும் அந்தச் சலவைக் கூடத்தில், அவள் மடித்ததையும் பிறர் மடித்ததையும் கலந்து வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு தடவியே பிரித்துவிடலாம். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

அவளை வேலையைவிட்டு நிறுத்தும் உத்தரவு வந்திருந்தது.

அவளை மட்டுமன்று. ஒவ்வொரு மேசையிலும் மதிப்பீட்டில் கடைசியாக நிற்பவர் எவரோ, அவர் நாளை முதல் வர வேண்டியதில்லை. பணித்திறனை உயர்த்த மேலிடம் கண்டுபிடித்த புது வழி இது.

"சார், ஒவ்வொரு மேசையிலயும் யாராவது ஒருத்தர் கடைசியா இருந்தே ஆகணும்னு நீங்கதான சட்டம் போட்டீங்க? எல்லாரும் நல்லா வேலை செஞ்சா நான் யாரைப் போடறது?"

அதனால்தான் அவனும் மேசைப் பெண்களும் கடைசி இடத்துக்கு முறை வைத்துக்கொண்டார்கள்.

இதுவரை கடைசி இடத்துக்குக் கிடைத்த தண்டனை, திறன் மேம்பாட்டு வகுப்பு. குளிரூட்டிய அறை, சாய்வதற்கு நாற்காலி, வேளை தவறாத தேநீர். நீராவியில் நாள் முழுவதும் வெந்து நிற்கும் பெண்களுக்கு அது வரம். 'பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வரேன்' என்று சிரித்துக்கொண்டே போவார்கள்; முகம் தெளிந்து திரும்புவார்கள். இன்னார்க்குப் பின் இன்னார் என்பது மேசையில் எல்லோருக்கும் மனப்பாடம். குறை எழுத வேண்டிய கட்டத்தில் அவன் அதே இரண்டு வரிகளை எழுதுவான். பெயர் மட்டும் மாறும்.

இந்த அரையாண்டு மடிப்பக்காவின் முறையே அன்று. ஈரமூட்டையைத் தூக்கியதில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிற்க முடியாமல் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, 'நீங்க போய் உட்கார்ந்துட்டு வாங்கக்கா' என்று அவன்தான் பெயரை மாற்றினான். முறைக்கு உரியவளும் மனமுவந்து விட்டுக்கொடுத்தாள்.

இரக்கப்பட்டுச் செய்த செயல், இப்போது வாளாகி அவள் கழுத்தின் மேல் நின்றது.

"இங்க இருக்கறதுலயே நல்ல கை சார் அது. அதை வெட்டிட்டு எதை வளர்க்கப் போறீங்க? நாங்க முறை வச்சுத்தான் பேர் போடறோம், இது அவங்க முறைகூட இல்ல!" அவன் குரல் மரத்தடுப்பைக் கடந்து போயிற்று. பணிநேரம் முடிந்து இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. கூடம் முழுவதும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றே கத்தினான். "வகுப்புக்கு அனுப்பறோம்னு சொல்லிப் பேரை வாங்கிட்டு வாசலைக் காட்டறீங்களே, இது அடுக்குமா? நீங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ஆவியில நின்னு பாருங்க. அப்புறம் எழுதுங்க யாருக்கு வேகம் போதாதுன்னு."

பேசப் பேசச் சினம் அவனுக்கு இனித்தது. தன் வாழ்நாளில் இத்தனை நேர்மையாக ஒருவர் முன்னும் அவன் நின்றதில்லை.

மேலாளர் சீறவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரவெல்லாம் உறங்காத கண்கள்.

"நான் நம்பறேன்," என்றார். "பேர்ப்பட்டியலை மேலே இன்னும் அனுப்பல. மாத்திடலாம்."

பேனாவைத் திறந்தார். மடிப்பக்காவின் பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"முறைன்னு சொல்றீங்களே. இந்தத் தடவை நெசமாவே யாரோட முறை? சொல்லுங்க. அந்தப் பேரைப் போட்டுடறேன்."

மேற்பார்வையாளன் வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

பேனாமுனை தாளுக்கு மேல் காத்திருந்தது. சுவருக்கு அப்பால் எங்கோ ஒரு குழாய் ஆவியை வெளியேற்றி அடங்கியது. மேலாளர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கோட்டுக்குக் கீழே, அடித்த பெயரையே மறுபடியும் எழுதினார்.

அவன் தடுக்கவில்லை.

நாற்காலியைக் காலால் எற்றிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தான். பார்த்துக்கொண்டிருந்த மேசைகள் அனைத்துக்கும் கேட்கும்படி இரைந்தான்:

"மனுசனா அவன்? ஒரு வார்த்தை காதுல வாங்க மாட்டேங்கறான்."



மடிப்பக்கா கடைசி விரிப்பை மடித்து முடித்து, அதன் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"நீ கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு தம்பி," என்றாள். "அப்புறந்தான் ஒண்ணுமே கேக்கல."

மேசையின் மறுமுனையில், இம்முறை போயிருக்க வேண்டியவள் தலை நிமிரவில்லை. மேற்பார்வையாளனின் சாப்பாட்டு டப்பாவையும் தன்னுடையதையும் ஒரே பைக்குள் வைத்தாள். வீட்டுச் சாவியை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, கணவன் வருவதற்காகக் காத்து நின்றாள்.