மூன்று விரல்

ஸ்லைடுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, அவர் அவளுக்கு எதிர் நாற்காலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“என்ன டாக்டர், இத்தனை நாள் லீவு போட்டும் முதுகு வலி போகலையா? வீட்ல பாத்திரம் தேய்க்க விட்டுட்டாங்களா?” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிக்கிற ஆள்தான்.

இருவரும் டாக்டர்கள். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்க்காத டாக்டர்கள். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை மட்டும்தான், மெல்லிசாகச் சீவிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, அவர்களிடம் வரும். ஸ்லைடில் பேர்கூட இருக்காது, வெறும் நம்பர்.

ஒரே மைக்ராஸ்கோப்பில் எதிரும் புதிருமாக இரண்டு குழாய். அவள் பார்ப்பதைத்தான் அவரும் பார்ப்பார். பார்த்துவிட்டு இருவரும் ஒரே மாதிரி சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

கட்டி எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒன்றிலிருந்து நான்கு வரை கிரேடு. வாயால் சொன்னால் ஒருவர் பேச்சு இன்னொருவரை இழுத்துவிடும். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும். வெளியாள் பார்த்தால், இதுகளுக்கு யார் படிப்பு கொடுத்தது என்று கேட்பான்.

அவர் எப்போதும் ஒரு விரல் குறைத்துக் காட்டுவார். அவள் ஒரு விரல் கூட்டிக் காட்டுவாள். அவருக்குத் தாராளம் என்று பேர், அவளுக்குக் கறார்.

கம்ப்யூட்டரும் அதே ஸ்லைடைப் படம் பிடித்து, தன் பங்குக்கு ஒரு எண்ணைத் திரையில் போட்டு வைத்திருக்கும். அதன்மேல் துண்டுக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். விரல் காட்டிய பிறகுதான் பிய்க்க வேண்டும். கம்ப்யூட்டர் யார் பக்கம் சேர்கிறதோ, அவருக்கு மற்றவர் டீ வாங்கித் தர வேண்டும்.

சொந்தக்காரர் சதை வந்தால் மட்டும் விரல் காட்டக் கூடாது. அந்த விதியைப் போட்டவரே தாராளம்தான். அவருடைய மச்சான் கட்டி வந்தபோது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு வந்தது சிறுநீரகக் கட்டி. வேறு ஆஸ்பத்திரியில் எடுத்தது.

அவள் கண்ணைக் குழாயில் வைத்தாள்.

செல்லுக்குள் ஒரு கரு, கருவுக்குள் ஒரு புள்ளி. பெரிய லென்ஸில் மட்டும் அந்தப் புள்ளி தெரிந்தால் இரண்டு. சின்ன லென்ஸிலேயே கண்ணில் பட்டால் மூன்று. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இரண்டு என்றால் ஆள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். மூன்று என்றால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சாமிக்குக் காசு முடிந்து வைக்க வேண்டும்.

சின்ன லென்ஸில் புள்ளி தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. சனியன்.

யார் பெற்ற பிள்ளையோ. இரண்டு போட்டுவிட அவளுக்கும் ஆசைதான், அவளென்ன கல்லா? ஆனால் குறைத்துப் போட்டால் டாக்டர்கள் அசந்துவிடுவார்கள், கட்டி அசராது.

ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினாள். அந்த ஓரத்தில் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. சின்ன லென்ஸிலேயே. இனி சந்தேகம் இல்லை.

எதிர்க் குழாயிலிருந்து அவர் கண்ணை எடுத்தார். வழக்கம்போல அவர்தான் எண்ணினார்.

அவள் மூன்று விரலைக் காட்டினாள். காட்டிவிட்டு, சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐயையோ! யாரு டாக்டர்? வீட்லயா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார். கட்டிய கைகளில் ஒன்று விலாவுக்குக் கீழே ஒரு இடத்தை அணைத்துப் பிடித்திருந்தது. உட்காரும்போது பிடித்துக்கொண்டதும் அந்த இடத்தைத்தான். சட்டைக்குள் தடிமனாக ஒரு பேண்டேஜ் கட்டு தெரிந்தது.

முதுகு வலி என்று வந்ததும் வராததுமாகக் கிண்டல் வேறு செய்தாயிற்று. தூக்கிய விரல்களில் ஒன்று தானாக மடங்கியது.

அவர் பென்சிலை நீட்டி, மடங்கிய விரலை மெல்லத் தூக்கி நிமிர்த்திவிட்டார். பிறகு திரைப் பக்கம் திரும்பிக் காகிதத்தைப் பிய்த்தார்.

மூன்று.

இந்தக் கம்ப்யூட்டர் இந்த ஒரு தடவை தன் பக்கம் சேராமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“ஜெயிச்சுட்டீங்க மேடம். வாங்க, டீ என் செலவு.”