சாவி தொங்கும் கார்

காரில் கழற்றக்கூடியதை எல்லாம் மாமா கழற்றிவிட்டார். பின் சீட், பக்கத்து சீட், ஸ்டெப்னி, ஏ.சி., ரேடியோ எல்லாம் வீட்டுக் கூடத்தில் கிடந்தன. விருந்தாளிகள் வந்தால் கார் சீட்டில்தான் உட்கார வேண்டும்.

"டர்போ வண்டிடா மச்சான். வயசானாலும் புலி" என்பார், மனைவியின் தம்பியிடம்.

புலிக்கு வயது இருபது. அதற்குப் பெரிய டர்போ மாட்டினார். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்க முன்னால் ஒரு இன்டர்கூலர் வைத்தார். சைலன்சரை அகலமாக்கினார். தெருவில் குழந்தைகள் தூக்கத்திலிருந்து அலறி எழுந்ததுதான் மிச்சம். நேர்கோட்டில் ஓட்டும் கால் மைல் டிராக் பந்தயத்தில் அது பதின்மூன்று வினாடிக்குக் கீழே இறங்கவே இல்லை.

மச்சினனின் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த ஞாயித்துக்கிழமையும் தோத்தீங்கன்னா, திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து தள்ளிட்டுப் போயிடுவான்."

"இன்னும் கொஞ்சம் எடை குறைஞ்சா போதும்மா. ஜெயிச்சிடும்."

"குளியலறையில இருந்த எடை மெஷினைக் காணோம். அதையும் கார்ல மாட்டிட்டீங்களா?"

மாமா ஸ்பானரைத் தேடக் கிளம்பிவிட்டார்.

மச்சினனுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மாமாவின் காருக்கு பாலிசி போட்டுக் கொடுத்தவன் அவன்தான். கார் அப்போது சீட்டுகளோடு இருந்தது.

"வண்டியை வேற ஒருத்தன் ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லுமா மச்சான்?" என்று மாமா கேட்டார்.

"யாரு ஓட்டப் போறா?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

மாமா பேச்சுக்கு எதையும் கேட்கிறவர் அல்ல. மறுநாளே பெட்டிக்கடையில் அவர் ஊசி எப்போது எந்தத் தெரு வழியாகப் போவான் என்று விசாரித்தது மச்சினன் காதுக்கு வந்தது. ஊசி அந்த வட்டாரத்துத் திருடன். ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து வருவான் என்பதால் அந்தப் பெயர். கையில் ஒரு வண்டி கிடைத்துவிட்டால் போலீஸ் ஜீப்புக்குப் புழுதிதான்.

மாமா போடும் கணக்கு மச்சினனுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. நல்ல சாமான்கள் கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. வெறும் கூட்டைத் திருடன் கொண்டுபோனால் முழுக் காருக்கும் இன்சூரன்ஸ் பணம் வரும். குட்டு உடைந்தால் முதலில் போவது அவனுடைய வேலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா அவனைக் குடோன் தெருவுக்கு அழைத்துப் போனார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான, கால் மைல் நீளத் தெரு. ஆள் நடமாட்டம் இல்லை. மாமா காரை ஓரமாக நிறுத்தினார். சாவியை எடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு ஒரு குழாயைப் போட்டு டேங்கிலிருந்த பெட்ரோலைக் கேனில் உறிஞ்சி எடுத்தார்.

"இது எதுக்கு மாமா?"

"இந்தத் தெரு தாண்டாத அளவு இருந்தா போதும்."

திருடனுக்குக்கூட எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன் என்று மச்சினன் நினைத்துக்கொண்டான்.

இருவரும் காலி டிரம்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மாமாவின் மடியில் ஒரு துணிப்பை கனமாகக் கிடந்தது. ஒரு கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

"வேண்டாம் மாமா. மாட்டினா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும். அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?"

"வாயை மூடு. வர்றான்."

ஊசி விசிலடித்தபடி வந்தான். சாவியைப் பார்த்தான். விசில் நின்றது. கதவு பூட்டாமல்தான் இருந்தது. தொழில் பழக்கம், ஜன்னல் வழியாகவே உள்ளே போனான்.

கார் உறுமியது. டயர் புகைந்தது. மச்சினன் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் அது தெருக்கோடியில் இருந்தது. அங்கே இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

மச்சினன் போனை எடுத்தான். "நாமளே போலீசுக்குச் சொல்லிடுவோம் மாமா. அப்பவாவது என் வேலை தப்பும்."

மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வயிறு அவருக்கு முன்னால் ஓடியது, மச்சினன் பின்னால் ஓடினான்.

ஊசி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காருக்கு வெளியே நின்றான். "அண்ணே, சும்மா உக்காந்துதான் பார்த்தேன். அதுவா கிளம்பிடுச்சு."

மாமா மூச்சு வாங்கினார். துணிப்பையிலிருந்து அக்காவின் எடை மெஷினை எடுத்துத் தார் ரோட்டில் வைத்தார்.

"ஏறு."

ஊசி மச்சினனைப் பார்த்தான். மச்சினன் மெஷினைப் பார்த்தான். ஊசி ஏறி நின்றான்.

"நாப்பத்தேழு கிலோ!" மாமா துள்ளினார். சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். அதில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. "பன்னெண்டரை வினாடி மச்சான்! காருக்கு ஒரு குறையும் இல்ல. இத்தனை நாளா நான்தான்டா பாரம்."

"இதை அவன்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே மாமா?"

"நேராக் கூப்பிட்டா ஓடிப்போயிருவான். வண்டியில ஓடுறது எப்படின்னுதானே நான் பார்க்கணும்?" மாமா ஊசியின் தோளில் கை போட்டார். "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

ஊசி மெதுவாகக் கையை இறக்கினான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுண்ணே. அன்னிக்கு எல்லாரும் வீட்லயே இருப்பாங்க."