எட்டுக் காடைகள்

"ஏனுங்க, முட்டையைத் திருடறது வெளியாள் இல்லீங்க. உங்கப்பாருதான்."

போனில் அகல்யா சொன்னதைக் கேட்டு தனசேகர் சிரித்துவிட்டான். போர் போடும் ரிக் லாரியோடு போனவன் சத்தீஸ்கரில் இருந்தான். திரும்பி வர இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

"எங்கப்பனுக்குக் காடை முட்டை எதுக்கு? அவரு முட்டையே திங்கமாட்டாரே."

"கண்ணால பாத்தனுங்க. விடியக்காலம் கூண்டு வாசல்ல உக்காந்திருந்தாரு. கையில முட்டை. என்னையப் பாத்ததும் வெலவெலத்துப் போயிட்டாரு. பாம்பு வந்துச்சான்னு பாத்தாராம்."

ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்ததிலிருந்து அகல்யா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். எழுந்து நடமாடட்டும் என்றுதான் தனசேகர் கிளம்பும் முன் சந்தையில் எட்டுக் காடைகளை வாங்கி, புழக்கடையில் கம்பி வலை அடித்துக் கூண்டு போட்டுவிட்டுப் போனான்.

மாமனார் சின்னுசாமி அன்றைக்கே முகத்தைச் சுளித்தார்.

"இதுக உதவாது அம்மிணி. சந்தைக்காரங்கிட்டயே திருப்பிக் குடுத்துப்போடலாம்."

அவள் கேட்கவில்லை.

இரண்டு வாரம் முட்டையே இல்லை. தினமும் காலையில் போய்ப் பார்ப்பாள், வந்து மறுபடி படுத்துக்கொள்வாள். ஒரு நாள் உமிக்குள் புள்ளி புள்ளியாக இரண்டு முட்டைகள் கிடந்தன. அன்றைக்குத்தான் அவள் தலைவாரி, தானே சோறு வடித்தாள். பத்து முட்டை சேர்ந்ததும் நாட்டுக்கோழியில் அடை வைத்தாள். கட்டைவிரல் பருமனில் ஏழு குஞ்சுகள் பொரித்தன.

ஆனால் எட்டுக் காடைக்குத் தினம் ஆறு முட்டையாவது கிடைக்க வேண்டாமா? ஒரு நாள் மூன்று, ஒரு நாள் இரண்டு. எங்கே போகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

போனை வைத்ததும் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து கூண்டுக்குப் போட்டாள்.

மறுநாள் மாமனார் கேட்டார்.

"சாவி எங்க அம்மிணி?"

"எங்கிட்டத்தானுங்க மாமா இருக்குது. எதுக்குங்க?"

"இல்ல... தண்ணி வெக்கலாம்னு."

"நானே வெச்சுக்கறனுங்க."

அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு ஒரு முட்டைகூட இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், காடைகளுக்கு ஏதாவது சீக்கோ என்று அகல்யா பயந்தாள். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் கயல்விழியைக் கையோடு அழைத்து வந்தாள்.

டாக்டர் ஒரு காடையைப் பிடித்து நெஞ்சைப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. எட்டையும் பார்த்து முடித்தார்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. யாரு வாங்குனது இதை?"

"எங்க ஊட்டுக்காரருங்க. ஏனுங்க?"

"பொட்டையா இருந்தா நெஞ்சுல கருப்புப் புள்ளி இருக்கும். இதுகளுக்குப் பாருங்க, வெறும் செம்பட்டை. எட்டும் சேவலுங்க. கழிச்சுப்போட்டதை உங்க தலையில கட்டிட்டாங்க."

"முட்டை போட்டுதுங்களே டாக்டர். குஞ்சுகூடப் பொரிச்சுதுங்களே."

அட்டைப் பெட்டிக்குள் கீச்சிட்ட குஞ்சுகளை டாக்டர் குனிந்து பார்த்தார்.

"கடையில திங்க விக்கிற முட்டை பொரிக்காதுங்க. யாரோ காடைப் பண்ணைக்கே போயி, அடை வெக்கிற முட்டையாக் கேட்டு வாங்கியாந்திருக்காங்க."

அகல்யா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போனில் தான் சொன்ன வார்த்தை நெஞ்சில் குத்தியது.

வாசலில் மொபெட் வந்து நின்றது. ஒரு மஞ்சள்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி சின்னுசாமி உள்ளே வந்தார். டாக்டரைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதிலிருந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அம்மிணி, காடைக்கு ஏதாச்சும்...?"

டாக்டர் வாயைத் திறக்கும் முன் அகல்யா முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. பூட்டுனதுல மிரண்டு போச்சுங்களாம். தொறந்து போட்டா நாளைக்குக் காலையிலயே முட்டை போட்ரும்னு டாக்டரம்மா சொல்றாங்க."